சாமக்கொடை கேட்ட காதுக்கு பிளாக் மெட்டல்

“பேய் பிடிச்சவன் மாதிரில்லா கத்துதான். இதுல பாட்டு எங்கடே இருக்கு?”

ஸ்ரீவைகுண்டம் டீக்கடையில் என் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்த அண்ணாச்சி கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஹெவி மெட்டலின் ஒரு கிளையான பிளாக் மெட்டல் என்ற பெயரில் புது ஆல்பங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. முதல் தடவை கேட்கிறவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற காரியமில்லை என்பதால் நிதானமாகவே சொன்னேன்.

முதலில் அந்த இரைச்சல். கிடாரில் ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விடாமல் மீட்டுவார்கள். நிமிடத்துக்கு 200 தட்டு வேகம், தட்டுக்கு நான்கு மீட்டல் என்றால் நொடிக்கு 13க்கு மேல் வரும். அவ்வளவு வேகத்தில் தனித்தனி மீட்டல் காதில் விழாது, எல்லாம் சேர்ந்து ஒரே இழையாக நீளும். டிரம்ஸும் அதே ஓட்டம் ஓடும். ஆனால் அந்த இழை ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போவது மிக மெதுவாகத்தான். அடியைத் துரத்தாமல் அந்த மெதுவான நகர்வைப் பிடித்துக்கொண்டால் மெட்டு தானாகத் தெரியவரும். கத்தலுக்கும் பயிற்சி உண்டு. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களை அதிரவைத்து எழுப்புகிற ஒலி அது. பழகாமல் செய்தால் தொண்டை புண்ணாகிவிடும்.

அண்ணாச்சியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: சுடலைமாடன் கொடையில் சாமத்தில் மகுடப் பறை ஏறி அடிக்கும்போது, இதில் மெட்டு எங்கே என்று யாராவது கேட்டதுண்டா? கொடையில் நடக்கும் கணியான் கூத்தில் மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி கதை பாட, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆட, சாமியாடி வேட்டைக்குச் சுடுகாட்டுப் பக்கம் கிளம்பும் நேரத்தில் அடியின் போக்கே மாறிவிடும். உடம்பில் இறங்கி மயிர்க்கூச்செறிய வைப்பதற்காக அடிக்கிற அடி அது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு பிளாக் மெட்டல் அந்நியமில்லை.

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “அது சாமிக்கு அடிக்கது. இவன் யாருக்கு அடிக்கான்?”

விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இந்த இசைக்குப் பெயர் வந்தது இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ‘பிளாக் மெட்டல்’ ஆல்பத்திலிருந்து. இப்போதிருக்கும் உருவம் கொடுத்தவர்கள் 1990களின் நார்வே இளைஞர்கள். டார்க்த்ரோன் குழு 1994இல் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தை வீட்டிலேயே நாலு டிராக் கருவியில் பதிவு செய்தது. ஒலி கரகரவென்று இருக்கும். அது வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. அதே வட்டாரத்தில் பழைய மரத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1993இல் மேஹெம் குழுவின் கிடார்க் கலைஞரை இன்னொரு இசைக்கலைஞர் குத்திக் கொன்றார். இதை மறைத்துவிட்டு இந்த இசையை யாருக்கும் அறிமுகம் செய்யக் கூடாது. இனவெறி பேசும் குழுக்கள் இன்றும் இதற்குள் இருக்கின்றன. புது ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குமுன் அந்தக் குழு என்ன பேசுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நார்வேக்காரர்கள் இருட்டைக் கடவுளுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தார்கள். நம் பக்கத்தில் சுடுகாட்டில் நிற்கிறவனே சாமி. இருட்டுக்குள் போவதும் கும்பிடுவதற்குத்தான். இந்த ஒரு வித்தியாசம் இசையை எங்கே கொண்டுபோகும் என்பதைக் காட்டியவர்கள் சிங்கப்பூர்த் தமிழர்கள். 1992இல் தொடங்கிய ருத்ரா குழு பிளாக் மெட்டலையும் டெத் மெட்டலையும் கலந்து, அதற்கு வேத மெட்டல் என்று தானே பெயர் வைத்துக்கொண்டது. குழுவின் பாடகர் கதிர். அதே தொண்டைக் கரகரப்பில் சமஸ்கிருத சுலோகமும் வேதாந்தமும் வரும். முதல் ஆல்பம் 1998இல் வந்தது. ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த மூன்றும் ஒரே தொடர். 2016இல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’. அத்வைதத்தைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’ வந்தது. புதிதாகக் கேட்பவர் 2009 ஆல்பத்தில் தொடங்கலாம் என்பது என் யோசனை. சென்னையிலும் டயபோலஸ் ஆர்கேனியம் என்ற குழு 2014இல் கீபோர்டு நிறைந்த ‘பாத் ஆஃப் அசென்ஷன்’ ஆல்பத்தைக் கொடுத்தது.

கத்தல் தாங்காதவர்களுக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, இடையிடையே அக்கூஸ்டிக் கிடாரும் மெல்லிய குரலும் சேர்த்து, ஒரு நிலத்தையே ஒலியாக்கப் பார்க்கும் வகை. நார்வேயின் உல்வெர் 1995இல் ‘பெர்க்டாட்’ ஆல்பத்தில் இதைச் செய்தது. அமெரிக்காவின் அகலோக் 2002இல் ‘தி மேன்டில்’ கொடுத்தது. அண்ணாச்சி முழுதாகக் கேட்டது இதில் ஒரு பாட்டைத்தான்.

என் மனத்தை அதிகம் தொட்டது 2012இல் வந்த ‘கென்டக்கி’. பனாப்டிகான் என்ற பெயரில் தனியொருவர் செய்த ஆல்பம். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியின் பாஞ்சோவையும் ஃபிடிலையும் பிளாக் மெட்டலோடு சேர்த்து, அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டத்தைப் பாடியிருக்கிறார். சாத்தானும் இல்லை, பனிக்காடும் இல்லை. சொந்த மண்ணின் வாத்தியம், சொந்த மண்ணின் துயரம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குத் தாமிரபரணி நினைவு வந்தது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி நடந்தது. 17 பேர் ஆற்றில் இறந்தார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு. 2023 டிசம்பரில் இதே ஆறு பெருகி வந்தபோது, நம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் ஏறத்தாழ 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றுக்குத் தெற்கே ஆதிச்சநல்லூர்ப் பறம்பு முழுக்க முதுமக்கள் தாழிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் பையன்கள் நார்வேப் பனியைப் பற்றிப் பாட வேண்டியதில்லை. ருத்ரா போனது உபநிடத வழி. சுடலைமாடன் வழியில் போக இடம் தாராளமாக இருக்கிறது.

“அப்போ மகுடத்தை இதுல சேக்கலாங்கியா?” என்றார் அண்ணாச்சி. சேர்க்கலாம். ஆனால் கொடையில் போனில் பிடித்த ஒலியை வெட்டி ஒட்டுவது சேர்ப்பதாகாது. நெல்லைப் பக்கம் கிடாரோடு திரியும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கணியான் கூத்துக் கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து வாருங்கள், பேசிய கூலியைக் கையில் கொடுங்கள், ஆல்பத்தின் அட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.