அடைபடும் முகத்துவாரமும் பச்சையாகும் நீரும்

குளிர்காலம் முழுதும் மூடிக் கிடந்த நீச்சல் குளத்தைத் திறக்கும்போது பச்சையாகியிருக்கும் நீரை, சுவரில் படிந்த பாசியைத் தேய்த்தெடுத்து, குளோரின் மிகுதியாக இட்டு, வடிகட்டியை இடைவிடாது ஓட்டித் தெளியவைக்கலாம். பழவேற்காடு ஏரி போன்ற காயலுக்கு, அதாவது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்து குறுகிய வாய்களின் வழியாக மட்டும் அதனோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்புக்கு, இந்த மருத்துவம் ஆகாது. பாசியைக் கொல்லும் நஞ்சு இறாலையும் மீனையும் விட்டுவைக்காது என்பது ஒருபுறமிருக்க, நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகளே அங்கு உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி என்பதால் பச்சை நிறம் தன்னளவில் நோயன்று. அது அளவு மீறும்போதுதான் கேடு. வயல்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆழமற்ற, வெயில் படும் நீரில் தேங்கினால் பாசி பெருகி, இரவில் அதுவும் மூச்சுவிடுவதால் நீரில் கரைந்த உயிர்வளி குறைந்து, விடியலில் மீன்கள் செத்து மிதக்க நேரும்.

தேக்கத்தைத் தடுப்பது முகத்துவாரம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கையில், ஏரியில் கலக்கும் ஆரணியாறும் காளங்கியாறும் வற்றி உள்ளிருந்து வெளியேறும் விசை குன்றியிருப்பதால், வாய் தூர்ந்துபோகிறது. ஆவியாதல் மிகும் கோடையில் அடைபட்ட ஏரியின் உப்பு கடலையே விஞ்சிவிடுகிறது. கடலில் பொரித்துக் காயலில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கே திரும்பும் வெள்ளை இறாலுக்கு அதன்பின் போக்குவரத்து இல்லை. எந்த ஊர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்று முறைவைக்கும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பங்கிட இறால் வரவேண்டுமே.

மணல் அடைத்த காலங்களில் மீனவர்களே பணம் திரட்டி வாயை வெட்டித் திறந்ததுண்டு. வெட்டும் பருவமே இதில் முதன்மையானது: வடகிழக்குப் பருவமழையால் ஏரிமட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது திறந்தால் வெளியேறும் வெள்ளம் தானே வாயை அரித்து ஆழமாக்கும், மட்டம் தாழ்ந்திருக்கையில் திறந்தால், உள்ளே பாயும் ஓதம் மணலையும் சுமந்து வந்து வெட்டியதைச் சில நாட்களில் மூடிவிடக்கூடும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு 2000 செப்டம்பரில் புதிய வாய் வெட்டப்பட்டபின் உப்பின் அளவு சீராகி மீன்வளமும் மீண்டதால், சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலிருந்து அது 2002-இல் நீக்கப்பட்டது. பழவேற்காட்டின் வாயை நிலைநிறுத்தக் கற்சுவர் உதவலாமென்றாலும், அச்சுவர் தென்புறத்தில் மணலைத் தேக்கி வடபுறக் கரையை அரிக்கவிடும் இயல்புடையது; ஆகவே சுவரை மட்டும் நம்பித் தூர்வாருவதைக் கைவிடுவது தவறு, வாருவதற்கான நாளையும் ஒப்பந்த அட்டவணையைவிட ஏரிமட்டத்தை அன்றாடம் பார்க்கும் மீனவர்களைக் கேட்டுக் குறிப்பதே பொருத்தம்.