போத்தலுக்குள் அடங்கிய அமுக்கம்

நண்பகல் வெயிலில் நடந்து களைத்தவர் ஒரு கடையில் நுழைந்து சோடா ஒன்று கேட்கிறார். கடைக்காரர் மூடியைத் திறந்த மாத்திரத்தில் 'புஸ்' என்ற ஓசை எழுகின்றது. குமிழிகள் துள்ளிக்கொண்டு மேலே வருகின்றன. அவ்வோசையைக் கேட்டதும் தாகம் பாதி தணிந்ததுபோல ஓர் ஆறுதல் பிறக்கின்றது. திறந்தவுடன் இவ்வளவு வேகமாக வெளியேறத் துடிக்கும் வாயுவை மூடியில்லாத போத்தலுக்குள் முதலில் எவ்வாறு புகுத்தினார்கள் என்று எண்ணிப்பார்ப்பவர் சிலரே. அந்தச் சிறிய வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், தொழிற்சாலைகளில் போத்தல் நிரப்பும் பொறியின் முழு நுட்பமும் விளங்கிவிடும்.

நீரிற் காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைக்கும் வழியை உலகறியச் செய்தவர் ஆங்கில அறிஞர் யோசேப்பு பிறீஸ்ற்லி. லீட்ஸ் நகரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு அருகே மதுவடிசாலை ஒன்று இருந்தது. அங்கே நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிநின்ற வாயுவை ஆராய்ந்த அவர், அதனை நீரிற் கலக்கும் முறையை 1772ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு உருளும் சோடாப் போத்தலுக்கு ஹைரம் கொட் என்பவர் 1872இல் உரிமை பெற்றார். விளிம்பு மடிந்த தகர மூடியை வில்லியம் பெயின்றர் 1892இல் அமைத்தார். இவ்விருவரும் தீர்க்க முனைந்த சிக்கல் ஒன்றே: உள்ளே போன வாயுவை வெளியே விடாது காப்பது எப்படி?

வாயு நீரிற் கரைவதற்கு ஒரு நியதி உண்டு. மேலிருந்து அமுக்கும் வாயுவின் அமுக்கம் கூடக்கூடக் கரையும் அளவும் கூடும். வெப்பநிலை உயர உயரக் கரையும் அளவு குறையும். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு லீற்றர் நீர் 0 பாகை செல்சியசில் ஏறக்குறைய 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்ளும். 15 பாகையில் ஏறக்குறைய 1 லீற்றரையே கரைக்கும். ஆனால் கடையில் விற்கும் மென்பானங்கள் பலவற்றில் ஒரு லீற்றருக்கு மூன்று நான்கு லீற்றர் வாயு அடங்கியிருக்கின்றது. பானத்தை நன்கு குளிரச் செய்து, அமுக்கத்தையும் உயர்த்தினாலன்றி இவ்வளவு வாயு அதனுள் தங்காது.

இத்தகைய பானத்தைச் சாதாரணக் குழாயால் திறந்த போத்தலில் ஊற்றினால் நிகழ்வது யாது? அமுக்கம் திடீரெனக் குறையும். வாயு ஒரேயடியாக விடுபடும். போத்தல் முழுவதும் நுரையாகும். நுரை வழிந்தபின் எஞ்சுவது அரைப் போத்தல் சப்பென்ற சீனித் தண்ணீரே. ஆகவே, பானம் உள்ளே வருமுன்னரே போத்தலுக்குள் அமுக்கத்தை ஏற்படுத்திவிடுகிறார்கள். இதுவே எதிரமுக்க நிரப்பல் எனப்படும் முறை.

நிரப்பும் பொறியின் நடுவே வட்டமான தாங்கி ஒன்று சுழல்கின்றது. அதன் கீழ்ப்பகுதியிற் பானமும் மேற்பகுதியில் அமுக்கமேற்றிய வாயுவும் உள்ளன. தாங்கியைச் சுற்றி நிரப்பு வால்வுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வெறும் போத்தல் ஒன்று மேலே உயர்ந்து இறப்பர் வளையத்தில் இறுகப் பதிந்ததும் வாயுவழி திறக்கின்றது. தாங்கியின் வாயு போத்தலுக்குட் பாய்ந்து, இரண்டினதும் அமுக்கம் சமமாகின்றது. அதன்பின்னரே பானத்தின் வழி திறக்கும். இருபுறமும் அமுக்கம் சமமாதலால், பானம் தன் நிறையினால் மாத்திரம் போத்தலின் சுவரோரமாக அமைதியாக வழிந்து இறங்கும். உள்ளிருந்த வாயு நடுவேயுள்ள ஒடுங்கிய குழாய் வழியாகத் தாங்கிக்குத் திரும்பும். பானம் அக்குழாயின் நுனியைத் தொட்டதும் வாயுவின் வழி அடைபடும். நிரம்புதல் தானே நின்றுவிடும். எல்லாப் போத்தல்களிலும் பானம் ஒரே மட்டத்தில் நிற்பதற்குக் காரணம் இக்குழாயின் நீளமே. இறுதியிற் கழுத்தில் எஞ்சிய அமுக்கத்தை மெல்ல மெல்ல வெளியேற்றி, உடனே மூடியிடுகிறார்கள்.

இந்த ஒழுங்கு முழுவதும் தாங்கியின் அமுக்கம் நிலையாக இருப்பதில் தங்கியுள்ளது. பானத்தை அனுப்பும் பம்பி விட்டுவிட்டு இயங்கினாலோ, வாயு வழங்கும் குழாயில் அமுக்கம் தளர்ந்தாலோ, பானம் சற்றுச் சூடேறினாலோ நுரை கிளம்பும். மட்டம் தவறும், ஒரு போத்தல் குறையும், மற்றொன்று வழியும். இதனை இலாபநட்டக் கணக்கு மாத்திரம் என்று எண்ணுவது தவறு. இவ்விடத்திலேதான் அமுக்கத்தின் கதை தூய்மையின் கதையோடு பின்னிக்கொள்கின்றது.

வழிந்த நுரை வால்வின் வாயிலும் இறப்பர் வளையத்தின் இடுக்கிலும் படிகின்றது. நீர் உலர்ந்து போகச் சீனி எஞ்சுகின்றது. சீனியுள்ள இடத்தை மதுவம் எனும் நுண்ணங்கி விரைவில் நாடிவரும். மென்பானங்கள் புளிப்புத் தன்மை உடையனவாதலால் நோய்க்கிருமிகளிற் பல அவற்றிற் பெருகமாட்டா. ஆனால் மதுவத்துக்குப் புளிப்பு ஒரு தடையன்று. சில இனங்கள் பழுதுகாப்புப் பொருள்களையும் தாங்கி வாழும். வால்வில் ஒட்டியிருந்த மதுவம் அடுத்து வரும் போத்தலில் விழுகின்றது. அதுமட்டுமன்று. போத்தலிலிருந்து வாயு தாங்கிக்கே திரும்பும் பொறிகளில், சரிவரக் கழுவப்படாத ஒரு போத்தல் தாங்கி முழுவதையும் மாசுபடுத்தக்கூடும்.

மூடியிட்ட பின்னும் மதுவம் உறங்குவதில்லை. அது சீனியை உண்டு மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கும். ஏற்கெனவே அமுக்கம் மிகுந்த போத்தலில் இப்புதிய வாயுவும் சேர்கின்றது. வெயில் படும் கடைத்தட்டில் வெப்பமும் துணைசெய்ய, கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சிதறலாம்; அருகே நிற்கும் சிறுவனின் கண்ணையும் பறிக்கலாம். நிரப்பும் வேளையில் நிகழ்ந்த சிறு அமுக்கத் தளர்ச்சி, நுரையாகவும் அழுக்காகவும் மதுவமாகவும் உருமாறி, ஈற்றிலே அடக்கமுடியாத அமுக்கமாக வந்து நிற்பதைக் காணலாம்.

இதனாலேயே தூய்மை செய்தல் அங்கே ஒரு சடங்குபோல முறைதவறாது நடைபெறுகின்றது. பொறியைக் கழற்றாமலே கழுவுவதற்கு ஒவ்வொரு வால்வின் கீழும் போத்தலுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் பொருத்தப்படும். முதலில் நீர் ஓடும், பின்னர் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு எரிசோடா கலந்த சூடான கரைசல் ஓடும், மீண்டும் நீர், அதன்பின் கிருமிநீக்கி. கரைசல் வேகமாகச் சுழன்று ஓடினாற்றான் சுவரில் ஒட்டிய படலம் உரியும். மெதுவாக ஓடும் மூலைகளிலும், நீரோட்டம் எட்டாத குருட்டுக் குழாய்களிலும், வெடிப்புக் கண்ட இறப்பர் வளையங்களிலும் அழுக்கு ஒளிந்துகொள்ளும். பொறிக்குள் போத்தலொன்று வெடித்தால் அவ்வால்வை நீர் பீச்சிக் கழுவுவதோடு, அயலிலுள்ள போத்தல்களையும் அகற்றிவிடுகிறார்கள். ஒரு கண்ணாடித் துகளேனும் பருகுவோரை அடையலாகாது. நிரப்பும் அறைக்குள்ளும் வடிகட்டிய வளியைச் செலுத்தி, வெளியிலும் பார்க்க அமுக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு செய்யும் ஆலைகள் உண்டு. கதவு திறக்கும்போது காற்று வெளியே செல்லுமேயன்றித் தூசி உள்ளே வராது.

கழுவும் வேலையிலும் அமுக்கம் ஒரு பொறிவைத்துக் காத்திருக்கின்றது. எரிசோடா காபனீரொட்சைட்டை விழுங்கும் இயல்புடையது. வாயு நிறைந்த தாங்கியை வெளிக்காற்றால் முதலில் நிரப்பாமல், அடைத்தபடியே எரிசோடாக் கரைசலைப் பீச்சினால், உள்ளேயுள்ள வாயு விரைந்து மறைந்து வெற்றிடம் உண்டாகும். உள்ளமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே கட்டிய உருக்குத் தாங்கி, புறத்தேயுள்ள சாதாரண வளிமண்டலத்தினால் நசுங்கிப்போகும். ஆகவே, காற்றை உள்ளே விடும் காப்பு வால்வு இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கலாகாது. அன்றியும் காபனீரொட்சைட்டு காற்றினும் பாரமானது, நிறமற்றது. தாங்கியின் அடியிலும் பள்ளங்களிலும் அது தேங்கிநிற்கும். சோதியாமல் அதனுள் இறங்கும் தொழிலாளி மூச்சடைத்து உயிரிழக்க நேரிடும்.

பருகுவோர் செய்யத்தக்க காவலும் உண்டு. மூடி புடைத்திருந்தாலோ, தெளிவாயிருக்க வேண்டிய பானம் கலங்கி அடியில் வண்டல் படிந்திருந்தாலோ, அப்போத்தலைக் குலுக்காமல், திறவாமல் ஒதுக்கிவிடுதல் நன்று. ஒழுங்காக நிரப்பப்பட்ட போத்தலோ திறக்கும்வரை அமைதியாயிருந்து, திறந்ததும் 'புஸ்' என்று சொல்லும். வால்வுகளைத் துடைத்தும் அமுக்கமானியைப் பார்த்தும் நின்ற தொழிலாளரின் கவனம் அவ்வோசைக்குள் அடங்கியிருக்கின்றது.