கடற்கரையும் நாயும்

நாய்க்குக் கடற்கரையிற் செல்ல அநுமதி உண்டோ என்னும் வினா, தீவகத்தில் வாழும் எமக்கு முதலில் நகைப்பையே விளைக்கும். ஆயினும், கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எம்மவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது இதனை உண்மையாகவே கேட்பதுண்டு. சாட்டியிலோ காரைநகர்க் கசூரினாக் கரையிலோ நாயைக் கடலாட விடுவார்களோ என்பர். "இங்கே நாயை யார் தடுப்பார்?" என்பதே நான் கூறும் விடை. தடுப்பார் இல்லை என்பது மெய்யே. ஆனால், பொறுப்பேற்பாரும் இல்லை என்பதும் அவ்விடையினுள் அடங்கியிருக்கின்றதன்றோ?

கரம்பொன்னின் வடகரையில் நின்றால் எதிரே காரைநகர் தோன்றும். விடியற்காலையில் வலை உதறும் இடத்தில் நாலைந்து நாய்கள் சிறுமீனுக்காகக் காத்துக் கிடப்பதைப் பலகாலும் கண்டிருக்கின்றேன். தோணி வரும் ஒலியை மனிதருக்கு முன்னே அவை அறிந்து எழும். அவற்றுட் கழுத்துப்பட்டி உடையது ஒன்றோ இரண்டோதான். ஏனையவை ஊர் நாய்கள். பல படலைகளில் உண்பவை, எவ்வீட்டையும் சேராதவை. இவ்வூரிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் சங்கப் பாட்டில் நிலமும் வாழ்வும் இயைந்து நிற்கும் சிறப்பை உலகறியச் செய்தார். அவர் காட்டிய நோக்கோடு இக்கரையைப் பார்த்தால், நெய்தலுக்கு இலக்கணம் வகுத்தோர் கூறாது விட்ட ஒரு கருப்பொருளாகவே நாய் எனக்குத் தோன்றுகின்றது. தொல்காப்பிய மரபியலோ நாயின் குட்டிக்குக் குருளை என்னும் பெயரை வகுத்து, புலியின் குட்டிக்கும் அதே பெயரை வழங்குகின்றது.

நாய்க்கும் எமக்கும் உள்ள உறவில் ஆறாத வடு ஒன்றும் உண்டு. மகாபாரதத்தின் இறுதியில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு இந்திரனுடைய தேரில் ஏறேன் என்று தருமன் மறுத்து நின்றான். தேருக்குக் காத்து நிற்கும் பொறுமை இருந்தது. போருக்கு அது இல்லை. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, குழந்தையையும் முதியோரையும் கொண்டு செல்வதே அரிதாயிற்று. நாயை உடன்கொண்டு செல்ல எத்தனை பேருக்கு இயன்றிருக்கும்? தருமனுக்கு வாய்த்த தேர்வு எம்மவருக்கு வாய்க்கவில்லை. உடையவன் நீங்கிய நாயே தெருநாய் ஆகின்றது. இதனை மறந்து தெருநாயை இகழ்தல் நீதியன்று.

இனி, பிறநாட்டார் செய்வதை நோக்குவோம். எம்மவர் பல்லாயிரவர் வாழும் டொரொன்டோ மாநகரில், பொதுவிடத்தில் நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரிற் பிடித்துச் செல்ல வேண்டும் என்பது விதி. எனினும், ஏரிக்கரையில் உள்ள செரி கடற்கரையின் ஒரு பகுதியில் நாய் வாரின்றி ஓடலாம். இங்கிலாந்தின் பல கடற்கரைகளில் மே முதல் செப்டெம்பர் வரை நாய்க்குத் தடை; மக்கள் கூட்டம் குறைந்த குளிர்காலத்தில் அத்தடை நீங்கும். கலிபோர்னியாவின் சான்டியாகோவில் 1972ஆம் ஆண்டிலேயே நாய்களுக்கென ஒரு கடற்கரை ஒதுக்கப்பட்டது. எங்கே, எப்போது, யார் பொறுப்பில் என்னும் மூன்றுக்கும் இவ்விதிகள் விடை கூறுகின்றன. அநுமதி என்பது அவர்களிடத்திற் கடமையோடு பிணைந்தே வருகின்றது. நாயின் மலத்தை உடையவனே அள்ளி அகற்ற வேண்டும்.

இது வெறும் நாகரிகப் பகட்டன்று. நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மணலில் விழுந்து பொரிக்கும். அவற்றின் நுண்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்துட் புகுந்து, தோலடியில் நெளிகோடுகளாய் ஊர்ந்து தாங்கொணா அரிப்பைத் தரும். ஈரமும் வெப்பமும் உள்ள எம்போன்றார் கரைகளில் இத்துன்பம் மிகுதி. மணலில் வெறுங்காலோடு விளையாடுவோர் எம் குழந்தைகள் அல்லரோ? கடல்வாழ் உயிர்களுக்கும் தீங்குண்டு. சென்னைக் கரையில் முட்டையிடும் ஆமைகளின் கூடுகளை நாய்கள் தோண்டித் தின்கின்றன. அதனால் 1988 முதல் மாணவர் குழுவொன்று இரவிற் கரைவழி நடந்து, முட்டைகளைச் சேர்த்துக் காவலுள்ள பொரிப்பிடத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றது.

யாவற்றினும் கொடியது நீர்வெறுப்பு நோய். நீரருகே மகிழ்ந்து திரியும் பிராணியாலேயே, நீரைக் கண்டு நடுங்கச் செய்யும் நோய் மனிதனுக்கு வருகின்றது. இந்நோயைத் தடுக்க இலங்கையில் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்ய 1901ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும், 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாக இடப்பட்டதனாலும், கடியுண்டோருக்கு மருத்துவம் எளிதிற் கிடைத்ததனாலும் அத்தொகை இன்று மிகவும் அருகிவிட்டது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் ஊசி இட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடித்த இடத்தைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

ஆகவே, நாயைக் கடற்கரையினின்று துரத்துவதும் தீர்வன்று. கண்டும் காணாது விடுவதும் தீர்வன்று. ஊர் நாய்க்கு ஊரே உடையவன் என்று கொள்ளல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி, இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சத்திர சிகிச்சை, ஊசி இட்டதற்கு அடையாளமாக ஒரு கழுத்துப்பட்டி ஆகியவற்றைப் பிரதேச சபையும் சனசமூக நிலையங்களும் சேர்ந்து செய்தல் கூடும். குளிப்போர் மிகும் கரைப்பகுதியில் நாய்க்கு விலக்கும், அதற்கப்பால் ஒரு பகுதியில் இடமும் வகுக்கலாம். மீன்கழிவை மணலில் எறியாது புதைத்தால் நாய்கள் அங்கே கூடுவதும் குறையும். பாடசாலை மாணவர் ஒரு விடுமுறை நாளில் தத்தம் ஒழுங்கையில் உள்ள நாய்களை எண்ணி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எண்ணப்படாத உயிருக்கு எவரும் பொறுப்பில்லை. எண்ணத் தொடங்கும் அன்றே எங்கள் கரை நாய்க்கும் உரியது, குழந்தைக்கும் உரியது என்று துணிந்து கூறலாம்.