ஸ்டெபிலைசர் நின்றால் பழுதல்ல, பாதுகாப்பு



பால், தயிர், ஐஸ்கிரீம் விற்கும் மளிகைக் கடைகளில் கரண்டு போய் வந்ததும் ஒரு காட்சியைக் காணலாம். ஸ்டெபிலைசரில் விளக்கு எரியும், பிரிட்ஜ் ஓடாது. உடனே ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டுப் பிளக்கை நேராகச் சுவரில் செருகி விடுவார்கள். எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர் சென்ற கோடையில் இப்படித்தான் செய்தார். அன்று ஓடியது. நாலாம் நாள் கம்ப்ரசர் கருகிவிட்டது. மாற்றிய செலவு ஒரு பக்கம், கெட்டுப்போன சரக்கு மறுபக்கம். ஆகவே, நாங்கள் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஸ்டெபிலைசருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரும், வரும் வோல்டேஜை அளந்துகொண்டே இருக்கும் சிறு மின்சுற்றும், அது சொல்கிறபடி இணைப்பை மாற்றும் ரிலேக்களும் உள்ளன. 'டக், டக்' என்று கேட்பது ரிலேயின் சத்தம். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். குறைந்தால் கூட்டித் தரும். கூடினால் குறைத்துத் தரும். தன் எல்லையையும் மீறினால் அடியோடு நிறுத்திவிடும்.

ஏன் நிறுத்த வேண்டும்? தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் கடைக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம். குறைந்த வோல்டேஜும் ஆபத்தே. 230 வோல்ட் 161 ஆகக் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை பாதியாகிவிடும். சுற்ற முடியாத மோட்டார் பல மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகும்.

இனி, அந்தக் காத்திருப்பு. கம்ப்ரசர் நின்றதும் குழாயின் ஒருபுறம் வாயு அழுத்தம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருக்கும். இரண்டும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓட்டினால், மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டு ஆளை எழுந்து நிற்கச் சொல்வது போலத்தான். அதனால்தான் பிரிட்ஜ் ஸ்டெபிலைசர்களில் மூன்று நிமிடம் போலத் தாமதம் வைக்கிறார்கள்.

கம்ப்ரசரை ஒட்டி 'ஓவர்லோட்' என்ற சிறு பாகமும் உண்டு. சூடேறினால் இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் சேர்க்கும். அது கடைசிக் காவல். தினமும் அதை வேலை வாங்கினால் உள்ளே சுருளின் காப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்து போகும். நம் கடைக்காரருக்கு நடந்தது அதுதான்.

எனவே, கரண்டு வந்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கும்போது தாமத வசதி உண்டா, பெட்டியின் திறனுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். இன்வர்ட்டர் வகைப் பிரிட்ஜாக இருந்தால் அதன் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். அடிக்கடி நிற்குமானால், ஸ்டெபிலைசரைக் கழற்றாமல், நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரல் இணைப்பையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவைத் திறக்காதிருந்தால் ஐந்து நிமிடத்தில் பால் திரிந்துவிடாது. கம்ப்ரசர் போனால் அன்றைய வியாபாரமே போய்விடும்.