ஓய்வூதிய அறவீடும் விலைக்கு வாங்கும் சேவையாண்டும்

அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளச் சீட்டிலே ஓய்வூதியத்தின் பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட கழிவுகள் இடம்பெறுவதுண்டு. எல்லாம் முதுமைக்கான சேமிப்பே எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதன்று. ஒரு கழிவு பிற்காலப் பயனுக்குக் கொடுக்கும் விலையாக இருக்கலாம். இன்னொன்று வெறும் அரசிறையாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை விளக்க அயர்லாந்து நாட்டின் அனுபவம் பெரிதும் உதவும்.

1995 ஏப்பிரல் 6ஆந் திகதிக்கு முன் அந்நாட்டின் நிரந்தர அரசாங்க சேவையிற் சேர்ந்தோருக்குரிய பொதுவான கணக்கு எளியது. சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் இறுதிச் சம்பளத்தின் 80இல் ஒரு பங்கு ஆண்டு ஓய்வூதியமாகும். 80இல் 3 பங்கு பணிக்கொடையாகும். 40 ஆண்டுகளே உச்ச வரம்பு. எனவே முழுச் சேவை உடையார் பாதிச் சம்பளத்தை ஓய்வூதியமாகப் பெறுவர்.

முப்பது வயதிலே ஆசிரியத் தொழிலில் நுழைந்த ஒருவர் அறுபதில் இளைப்பாற விரும்பினால் அவருக்கு 30 ஆண்டுகளே சேரும். இறுதிச் சம்பளம் 45,000 யூரோவாயின், அவருடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 16,875 யூரோ. 40 ஆண்டு நிறைந்தவருக்கோ 22,500 யூரோ. பிள்ளைகளை வளர்க்க வீட்டிலிருந்த தாய்மாரும், காலந்தாழ்த்திப் பட்டம் பெற்றோரும் இக்குறைவுக்கு ஆளாகினர். இதனை நிரப்பவே சேவையாண்டுகளை விலைக்கு வாங்கும் திட்டம் ஏற்பட்டது. ஒரே தொகையாகவோ சம்பளத்தில் ஒரு வீதமாகவோ பணஞ் செலுத்தலாம். வயது ஏற ஏற விலையும் ஏறும். இடையில் நிறுத்தினால், செலுத்திய அளவுக்கு ஏற்ற ஆண்டுகளே கணக்கிற் சேரும்.

2008இல் அந்நாட்டு வங்கிகள் நிலைகுலைந்தன. அரசாங்க வருமானமும் வீழ்ந்தது. 2009 மார்ச் 1ஆந் திகதி முதல், வழக்கமான ஓய்வூதியச் சந்தாவுக்கு மேலாகப் புதியதோர் அறவீடு விதிக்கப்பட்டது. அரசாங்க ஊழியரின் ஓய்வூதியம் உறுதியானது. ஆதலின் அவர்கள் கூடுதலாகப் பங்களிக்க வேண்டும் என்பது அரசின் நியாயம். இவ்வறவீடும் ஏனைய சிக்கன நடவடிக்கைகளும் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. அவ்வாண்டு பெப்ரவரியில் டப்ளின் நகரிலே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஊர்வலஞ் சென்றனர்.

2009 மே மாதத்தில் திருத்தப்பட்ட விகிதப்படி முதல் 15,000 யூரோவுக்கு அறவீடு இல்லை. அடுத்த 5,000க்கு நூற்றுக்கு 5. அதன்மேல் 60,000 வரை நூற்றுக்கு 10. அதற்கும் மேற்பட்டதற்கு நூற்றுக்கு 10.5. மேற்கூறிய 45,000 யூரோச் சம்பளத்தில் ஆண்டுக்கு 2,750 யூரோ கழிந்தது. வருமான வரி கணக்கிடுமுன் கழிக்கப்பட்டமையால் உண்மையான இழப்பு இதனிலுங் குறைவே. ஆனால் இத்தொகை ஓய்வூதியத்தில் ஒரு சதத்தையேனும் கூட்டவில்லை. ஒரு நாட் சேவையையேனும் சேர்க்கவில்லை.

2010 தொடக்கத்தில் சம்பளமும் குறைக்கப்பட்டது. இவ்வாறு கையிருப்புச் சுருங்கிய வேளையில் சேவையாண்டு வாங்குவோரே இரட்டை நெருக்கடிக்கு உள்ளாயினர். அறவீட்டைத் தவிர்க்க வழியில்லை; தாமாக விரும்பிச் செலுத்தியதை நிறுத்தவோ வழியுண்டு. ஆயினும் நிறுத்தினால் கைவிட்டுப்போவது பிற்கால ஊதியமே. கட்டாயக் கழிவு பயனைத் தாராது. பயன் தருங் கழிவோ கைவிடுதற்கு எளிதாயிருந்தது.

அவ்வறவீடு 2018 முடிவுடன் ஒழிந்தது. 2019 முதல் அதனிடத்தில் நிரந்தரமான மேலதிக ஓய்வூதியப் பங்களிப்பு வந்தது. 2013 சனவரி முதல் புதிதாகச் சேர்ந்தோர் வேறு திட்டத்தைச் சார்ந்தவர். அவர்களது ஓய்வூதியம் இறுதிச் சம்பளத்தையன்றிச் சேவைக்காலம் முழுவதும் பெற்ற சம்பளத்தையே அடிப்படையாகக் கொண்டது. அவர்கள் செலுத்தும் மேலதிகப் பங்களிப்பின் வீதமும் குறைவு.

விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கெனச் சம்பளத்திற் கழிவதை இலங்கை அரசாங்க ஊழியர் நன்கறிவர். எந்நாட்டிலாயினும் கழிவின் பெயரை நோக்குவது போதாது. அது எந்தப் பயனை, யாருக்கு, எப்போது தரும் என வினவுதல் வேண்டும். அவ்வினாவை இளைப்பாறும் ஆண்டிலன்றி, சேவையிற் சேர்ந்த ஆண்டிலேயே எழுப்புவோர் முதுமையில் ஏமாற்றமடையார்.