5,000 பேருக்கு ஒரு டெக், 32 பேருக்கு ஒரு விமானம்... தெரியுமா?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வெறும் 32 இருக்கைகளோடு ஒரு விமானம் பத்தாண்டுக்கு மேல் பறந்தது, தெரியுமா? நூறு பேருக்கு மேல் தாராளமாக உட்காரக்கூடிய ஏர்பஸ் ஏ318 அது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009 செப்டம்பரில் தொடங்கிய சேவை. விமானம் முழுக்கவே பிசினஸ் கிளாஸ். ஒவ்வோர் இருக்கையும் படுக்கையாக விரியும். லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை குட்டையானது என்பதால் தொட்டி நிறைய எரிபொருளோடு எழும்ப முடியாது. ஆகவே அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொள்ளும். அந்த நேரத்திலேயே பயணிகளுக்கு அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும்! நியூயார்க்கில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணி மாதிரி நேரே வெளியே நடக்கலாம். கான்கார்டு விமானத்துக்கு இருந்த ‘பிஏ 001’ என்ற எண்ணையே இதற்கும் கொடுத்தார்கள். 2020-இல் இந்தச் சேவை நின்றுபோனது.

இப்போது அட்லாண்டிக்கை விட்டு வங்காள விரிகுடாவுக்கு வாருங்கள். 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலை மலேசியத் தமிழர்களில் மூத்தவர்கள் பலருக்குத் தெரியும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். கட்டியபோது அதற்குக் கிடைத்த அனுமதி எத்தனை டெக் பயணிகளுக்கு, தெரியுமா? 5,000-க்கும் மேல்! டைட்டானிக் 46,000 டன் கப்பல். மூழ்கிய பயணத்தில் அதில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். ரஜூலாவோ சுமார் 8,500 டன்தான். ஐந்தில் ஒரு பங்கு கப்பலில் இரண்டு மடங்குக்கு மேல் மனிதர்களுக்கு அனுமதி! அதே கப்பலில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்தன. அங்கே கதவு போட்ட அறை, கட்டில், மேசை போட்டுச் சாப்பாடு. டெக்கில் ஒரு பாய் விரிக்கும் இடம். ஒரு வாரப் பயணம் முழுக்க உறக்கம், உணவு, வாந்தி, பிள்ளைக்குத் தாலாட்டு எல்லாம் அந்தப் பாயில்தான். பின்னாளில் விதிகள் இறுகி, டெக் பயணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. 1974-இல்தான் ரஜூலாவை உடைத்தார்கள்.

படுக்கை இல்லாத பயணிகளுக்கென்றே சர்வதேச விதிகள் தனியாக இருந்தன என்றால் நம்புவீர்களா? 1929-இல் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. அதன் கடுமையான நிபந்தனைகளை டெக் கப்பல்களாலும் ஹஜ் கப்பல்களாலும் அப்படியே நிறைவேற்ற முடியவில்லை. 1931-இல் இந்தியாவின் சிம்லாவில் கூடி அவற்றுக்கெனச் சலுகை விதிகள் வகுத்தார்கள். அவற்றுக்குப் பெயரே சிம்லா விதிகள். வகுப்பு வேறுபாடு மெத்தையோடு நின்றுவிடவில்லை. உயிர்காப்பு விதி வரைக்கும் போயிருந்தது. எத்தனை முறை நினைத்தாலும் மனம் கொதிக்கிற செய்தி இது.

இந்தக் கப்பல் வகுப்புகளுக்கும் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைக்கும் என்ன தொடர்பு? நிறைய! 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங்கின் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னோடு சேர்ந்து ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் இந்தியக் குடும்பம் ஒன்று பாரத் தேயிலையைத் தொடங்கியது. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். ஒரே தோட்டத்துக்கு வந்தவர்கள், ஒரே கடலைத்தான் கடந்தார்கள். பொதுவாகத் துரை முதல் வகுப்பில், கையில் காசிருந்த கிராணியோ வியாபாரியோ இரண்டாம் வகுப்பில், தொழிலாளி டெக்கில்.

டெக் சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் தெரியுமா? மலாயாவில் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்தார்கள். தொழிலாளிகளை வைத்து வேலை வாங்கும் தோட்டங்கள் அதில் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் கட்டணம் போகும். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார், நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாம், பிறகு கப்பல். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, கடலில் நங்கூரமிட்டிருக்கும். படகில் ஏறிப்போய், ஆடும் அலையில் கப்பலுக்கு மாற வேண்டும். பினாங்கை அடைந்தால் உடனே ஊர் கிடையாது. பலருக்குப் புலாவ் ஜெரெஜாக் தீவின் தனிமை முகாம் காத்திருக்கும். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதே கடல்வழியில் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு, செலவு கொடுத்து ஆள் அனுப்பும் முறைக்குத் தடை போட்டது. கேமரன் மலையில் முதல் தேயிலைத் தோட்டம் பிறந்து அப்போது ஒன்பதே ஆண்டு!

இன்னொரு வியப்பு கேளுங்கள். ரஜூலா ஓய்ந்த காலத்தில் அதே வழியில் ஓடத் தொடங்கிய ‘சிதம்பரம்’ கப்பல் நினைவிருக்கிறதா? அது பிறந்ததே அட்லாண்டிக்கைக் கடக்கத்தான்! 1966-இல் பிரான்ஸின் டன்கிர்க்கில் கட்டப்பட்டபோது அதன் பெயர் ‘பாஸ்டர்’. ஐரோப்பாவிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் முதல் வகுப்பு, சுற்றுலா வகுப்பு என்று பயணிகளைச் சுமந்தது. விமானங்கள் அந்த வியாபாரத்தைப் பறித்துக்கொள்ள, 1972-இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கியது. பெயர் மாறியது, உள்ளே அடுக்குப் படுக்கைகள் ஏறின, சென்னைக்கும் போர்ட் கிள்ளானுக்கும் ஓடியது. பிரெஞ்சுக்காரர்கள் உல்லாசமாக நடந்த தளங்களில் நம் ஆட்கள் முறுக்கு டின்னும் எவர்சில்வர் பாத்திரமுமாக ஊர் போய் வந்தார்கள். 1980-களின் நடுவில் நேர்ந்த தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

சரி, வானத்துக்கு வருவோம். பிசினஸ் கிளாஸில் கால்நீட்டி, முதுகு தரையோடு சமமாகப் படுக்க முடிந்தது எப்போது தெரியுமா? 2000-ஆம் ஆண்டில்தான்! பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதைக் கொண்டுவரும் வரை, அந்த வகுப்பில் சாய்வு நாற்காலிதான். இன்றும் பிசினஸ் கிளாஸ் என்று சீட்டில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் ஒன்றல்ல. அட்லாண்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கும் நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கும் பறக்கும் லா கொம்பாஞி, ஏ321நியோ விமானத்தில் 76 இருக்கைகள் மட்டும் வைத்திருக்கிறது. எல்லாமே பிசினஸ், இரண்டிரண்டாக. சன்னலோரம் இருப்பவர் எழுந்தால் பக்கத்தில் தூங்குபவரைத் தாண்ட வேண்டும். அதே ஏ321 குடும்பத்து விமானத்தில் 2021 முதல் லண்டனுக்குப் பறக்கும் ஜெட்புளூ, முன்பகுதியில் 24 தனி அறைகள் வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கதவு. ஒரே கடல், ஒரே ரக விமானம், எவ்வளவு வேறுபாடு! என் தீர்ப்பு: கணவன் மனைவியாகப் போனால் முதலாவது, தனியாகப் போனால் இரண்டாவது. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, எந்தத் திசையில் பறக்கிறோம் என்பது. நியூயார்க்கிலிருந்து கிழக்கே வருவது பெரும்பாலும் இரவுப் பயணம். பின்காற்று தள்ளுவதால் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவருக்குப் படுக்கை தேவைப்படுவது அங்கேதான். மேற்கே போவது பெரும்பாலும் பகல். அதற்குச் சாதாரண வகுப்பே போதும்.

நம் பக்கமும் அப்படித்தான். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு மலேசியா ஏர்லைன்ஸ் ஏ350-இல் போனால் பிசினஸ் என்பது முழுப் படுக்கை. சுமார் நாலு மணி நேரத்தில் முடியும் தமிழ்நாட்டுப் பயணத்தில், போயிங் 737 போன்ற சிறிய விமானத்தில் அதே பெயருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அகலமான சாய்வு இருக்கைதான். சீட்டு வாங்குமுன் வகுப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், விமானத்தின் ரகத்தையும் இருக்கை வரைபடத்தையும் பாருங்கள்.

இனி வருவதுதான் என்னைத் துள்ள வைத்த செய்தி! விமானம் 40,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் எந்த உயரத்துக்குச் சமம், தெரியுமா? பழைய ரக விமானங்களில் 8,000 அடி வரை போகும். அதாவது தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான, பகாங்கிலேயே இருக்கும் 2,187 மீட்டர் குனோங் தஹானைவிட 250 மீட்டர் மேலே! ஆனால் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது சுமார் 6,000 அடிதான். கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளுக்கும் 2,032 மீட்டர் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது. கார்பன் இழைக் கலவையில் செய்த உடல் உலோகத்தைப்போல் அழுத்தத்தில் களைப்பதில்லை, ஈரத்தில் அரிப்பதில்லை. அதனால் உள்ளே கூடுதல் அழுத்தமும் கூடுதல் ஈரப்பதமும் வைக்க முடிகிறது. 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 7,000 அடியைத் தாண்டும்போது நீண்டநேரப் பயணிகளுக்கு உடல் அசௌகரியம் கூடுவதைக் காட்டியது. இந்தக் காற்றழுத்தம் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒன்றே! எத்தனை ஆயிரம் ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் நுரையீரலுக்குத் தனி வகுப்பு கிடையாது. பழைய விமானத்தின் பிசினஸ் கிளாஸா, புதிய விமானத்தின் சாதாரண வகுப்பா என்று குழம்புகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

தேநீர்? கேமரன் மலையின் தானா ராத்தாவில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 8,000 அடிக் காற்றழுத்தத்தில் 92 டிகிரியிலேயே. நல்ல கறுப்புத் தேயிலைக்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். முதல் வகுப்பில் பீங்கான் கோப்பையில் வந்தாலும், விமானத் தேநீர் வீட்டுத் தேநீர் ஆகாது. வறண்ட காற்றும் இரைச்சலும் நாக்கின் சுவையைக் கொஞ்சம் மங்க வைக்கின்றன. விமானத்தில் தக்காளிச் சாறு கேட்டுக் குடியுங்கள். இரைச்சலில் தாக்குப்பிடிக்கும் சுவை அதுதான்.

கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டும் கைகளில் பல வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் விமானமேறி வந்தவை. டெக்கில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் மருத்துவராக, பொறியாளராக லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள். அட்லாண்டிக்கின் மேல் எந்த வகுப்பில் போகலாம் என்று அலசுகிறார்கள். நன்றாக அலசுங்கள், வசதி இருந்தால் படுத்தே போங்கள். அதற்குமுன் ஒரு வேலை: வீட்டில் கப்பலேறி வந்த பெரியவர் ஒருவராவது இருந்தால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் தளம், யாரோடு வந்தார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பெட்டியடியில் பழைய கப்பல் சீட்டோ கடப்பிதழோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.