கைவேலை நகையும் ஹால்மார்க் முத்திரையும்

கருகமணியோ வளையலோ செய்யக் கொடுக்கும்போது, நம் இல்லத்தார் செய்கூலி, சேதாரம் குறித்து நெடுநேரம் வாதாடுவர். பொன்னின் மாற்றுக் குறித்துக் கேட்பவர் சிலரே. அதிலுள்ள குறை, நகையை அடகு வைக்கவோ விற்கவோ நேரும் நெருக்கடியில்தான் வெளிப்படும். பெண்ணின் கையிருப்பான சேமிப்பு அன்று குறைந்துபோகும்.

இதைத் தடுக்கவே, இந்திய தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) 2000ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முறையைக் கொணர்ந்தது. விருப்பத்தின்பேரில் பெறப்பட்டுவந்த அம்முத்திரை, 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. பின்னர் படிப்படியாக வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

நகையில் மூன்று குறிகள் இருத்தல் வேண்டும்: பி.ஐ.எஸ். சின்னம், 22 காரட் எனில் 916 என்னும் தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறி. இக்குறி ஒவ்வொரு நகைக்கும் வேறுவேறானது. 2023 ஏப்ரல் முதல், கட்டாயமுள்ள இடங்களில் இஃதில்லாமல் நகை விற்றலாகாது. 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இக்குறியை இட்டால், நகையின் வகையும் தூய்மையும் சோதித்த நிலையமும் தெரியும். வளையலின் குறிக்கு மோதிரம் என்று விடை வருமாயின், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் தெருப் பொற்கொல்லர் கையால் செய்து தரும் நகையின் நிலை என்ன? கைவேலை என்பதற்காகச் சட்டம் விலக்களிக்கவில்லை. ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவருக்கும், 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்குமே விலக்கு. சிறு பொற்கொல்லர் பெரும்பாலும் முதல் விலக்கில் அடங்குவார். ஏழைத் தொழிலாளியைக் காக்கும் இவ்விலக்கு நியாயமானதே என்பது என் கருத்து. ஆயினும் மாற்றுக் குறைந்தால் இழப்பு வாங்கியவருக்கன்றோ? அவரும் விரும்பினால் பதிவு செய்துகொண்டு முத்திரை பெறலாம், தடையில்லை. அவர் பெறாவிடில், நீங்களே நகையைச் சோதனை நிலையத்தில் கொடுத்துக் கட்டணம் செலுத்தித் தூய்மையை அறியலாம்.

முத்திரையிட்ட நகையில் குறை காணப்பட்டால், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்த தூய்மைக்குரிய தொகையைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகும். 916 என்று விற்ற ஐந்து பவுன், அதாவது 40 கிராம் நகை, சோதனையில் 875 எனத் தெரிந்தால், குறைந்திருப்பது 1.64 கிராம் பசும்பொன். அதன் இருமடங்கு மதிப்பைக் கோரலாம்.

கோருவதற்குப் பட்டியல் வேண்டும். நகையின் பெயர், பொன்னின் நிகர எடை, காரட், முத்திரைக் கட்டணம் ஆகியவை அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று, பணம் கொடுக்கும் முன்பே வாசித்துப் பாருங்கள்.